விலை குறைந்த எலெக்ட்ரிக் கிதார்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறிதல்

குறைந்த விலையில் எலெக்ட்ரிக் கிதார் வாங்கியவர்கள், தந்தி இரைகிறது, விரல் வலிக்கிறது, சுருதி நிற்கவில்லை என்று சலித்துக்கொண்டு, கருவியே சரியில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பெரும்பாலும் அந்த முடிவு தவறானது. மரத்தைச் செதுக்குவதும் ஃப்ரெட்டுகளுக்கான (விரல்பலகையின் குறுக்கே பதியும் உலோகப் பட்டைகளுக்கான) பள்ளங்களை அறுப்பதும் இன்று கணினி இயக்கும் எந்திரங்களின் வேலை என்பதால், மலிவான கருவியிலும் அவை அளவு பிசகாமல் அமைந்துவிடுகின்றன. விலையைக் குறைப்பதற்காகத் தொழிற்சாலை கைவிடுவது கைவேலையைத்தான். நட்டின் (விரல்பலகையின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டையின்) பள்ளங்களை உரிய ஆழத்துக்கு அராவுவது, ஃப்ரெட்டுகளின் முனைகளை மழுக்குவது, தந்தி ஏற்றிய பிறகு கழுத்தின் வளைவைச் சரிபார்ப்பது ஆகியவற்றுக்கு ஒரு மனிதர் ஒவ்வொரு கருவியோடும் நேரம் செலவிட வேண்டும். அந்த நேரம்தான் விலையிலிருந்து கழிக்கப்படுகிறது. விடுபட்ட அந்த வேலையின் பெரும்பகுதியை வாங்கியவரே செய்துகொள்ள முடியும்.

அதற்கு ஒரு வரிசை உண்டு. அதை மாற்றக் கூடாது. முதலில் புதிய தந்திகள், அடுத்து கழுத்தின் வளைவு, பிறகு நட்டின் உயரம், பிரிட்ஜின் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகத்தின்) உயரம், அதிரும் தந்தியின் நீளம், கடைசியாகப் பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருளின்) உயரம். ஒவ்வொரு படியும் தனக்குப் பின்னால் வரும் எல்லாவற்றையும் பாதிக்கிறது. கழுத்தைத் திருத்தாமல் பிரிட்ஜைத் தாழ்த்தியவர், பின்னர் கழுத்தைத் திருத்தும்போது பிரிட்ஜை மறுபடியும் தொட வேண்டியிருக்கும். எந்த அறிகுறியாக இருந்தாலும், அதன் காரணம் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதற்கு முந்தைய படிகள் சரியாக இருப்பதை உறுதிசெய்த பின்னரே கை வைக்க வேண்டும்.

சுருதியைக் காட்டும் ட்யூனர், மில்லிமீட்டர் பிரித்த உலோக அளவுகோல், ஃபீலர் கேஜ் (நுண்ணிய இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்), ஆலன் சாவிகள், இரண்டு மூன்று ஸ்க்ரூடிரைவர்கள், ஒரு கேப்போ (தந்திகளை ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி), மின்கோளாறுகளுக்கு ஒரு மல்டிமீட்டர் ஆகியவை போதும். கருவியோடு வந்த தந்திகளைக் கழற்றிவிட்டு, இனித் தொடர்ந்து எந்தத் தடிமனை வாசிக்கப்போகிறீர்களோ அதையே ஏற்றுங்கள். 648 மில்லிமீட்டர் அளவுநீளமுள்ள (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையிலான தந்தியின் நீளம்) கிதாரில் 10–46 தொகுதி (மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில்) வழக்கமான சுருதியில் ஏறத்தாழ 47 கிலோ எடையளவு இழுவிசையையும், 9–42 தொகுதி ஏறத்தாழ 39 கிலோவையும் கழுத்தின் மீது செலுத்துகின்றன. இந்த வேறுபாட்டினால் கழுத்தின் வளைவே மாறும் என்பதால், ஒரு தொகுதிக்குச் செய்த சீரமைப்பு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

தந்தி இரைகிறது

மிக அதிகமாகக் கேட்கும் குறை இதுவே. மிக அவசரமாகத் தவறான இடத்தில் கை வைக்கப்படுவதும் இதற்காகத்தான். இரைச்சல் கேட்டவுடன் பிரிட்ஜை உயர்த்தினால் அது அடங்கிவிடும், ஆனால் கருவி வாசிக்கக் கடினமாகிவிடும். ஆகவே இரைச்சல் எந்த இடத்தில் எழுகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி, மிதமான வேகத்தில் மீட்டி, இரையும் இடங்களைத் தாளில் எழுதினால், காரணத்தில் பாதி அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

முதல் ஐந்தாறு ஃப்ரெட்டுகளுக்குள் பல தந்திகளும் இரைந்து, மேலே போகப் போகத் தெளிந்தால், கழுத்து மிக நேராக நிற்கிறது அல்லது பின்புறமாக வளைந்திருக்கிறது என்று பொருள். அதிரும் தந்தி நடுவில்தான் அதிகம் அசைகிறது. அந்த அசைவுக்கு இடம் தர, கழுத்தில் மிகச் சிறிய உள்வளைவு இருக்க வேண்டும். அதை அளப்பது எளிது. தந்திகளைச் சரியான சுருதியில் வைத்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டி, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் உள்ள ஃப்ரெட்டில் ஆறாம் தந்தியை (மிகத் தடித்ததை) அழுத்துங்கள். இப்போது அந்தத் தந்தியே நேர்கோலாகிவிடுகிறது. ஏழாம் அல்லது எட்டாம் ஃப்ரெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிப்பகுதிக்கும் இடையே 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் ட்ரஸ் ராடை இடஞ்சுழியாகத் திருப்பித் தளர்த்த வேண்டும். மிக அதிகமாக இருந்தால் வலஞ்சுழியாகத் திருப்பி இறுக்க வேண்டும்.

ட்ரஸ் ராடு என்பது கழுத்துக்குள் பதிக்கப்பட்ட எஃகுக் கம்பி. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதனிடம் பொறுமை காட்டியே ஆக வேண்டும். பொருத்தமான சாவியை முழு ஆழத்துக்குச் செலுத்தி, ஒரு நேரத்தில் எட்டில் ஒரு சுற்று, மிஞ்சினால் கால் சுற்று மட்டுமே திருப்புங்கள். மீண்டும் சுருதி சேர்த்து, சில நிமிடங்கள் விட்டு, மறுபடியும் அளந்து பாருங்கள். மரம் மெதுவாகவே இடம் கொடுக்கும் என்பதால் மறுநாள் காலையில் ஒரு முறை சரிபார்ப்பது நல்லது. திருகு அசைய மறுத்தால் பலவந்தப்படுத்தாதீர்கள். திருகின் குழி மழுங்கிப்போனாலோ கம்பி அறுந்தாலோ கழுத்தையே மாற்றும்படி நேரும்.

கழுத்தின் வளைவு சரியாக இருந்தும் எல்லா இடங்களிலும் இரைந்தால் சேடில்கள் (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சிறு துண்டுகள்) தாழ்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் கால் சுற்றாக உயர்த்துங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து ஆறாம் தந்திக்கு 2 மில்லிமீட்டர், முதல் தந்திக்கு 1.6 மில்லிமீட்டர் என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. நடுவிலுள்ள தந்திகளைத் தனித்தனி எண்களுக்காக அளக்காமல், விரல்பலகையின் குறுக்கு வளைவை ஒத்து அமையும்படி வையுங்கள். அப்படி வைக்காத கருவியில்தான் தந்தியை விரலால் வளைக்கும்போது ஓசை பாதியில் அடங்கிப்போகும்.

திறந்த (எங்கும் அழுத்தாத) தந்தி மட்டும் இரைந்து, அழுத்தியவுடன் தெளிவாகிவிட்டால், நட்டில் அந்தத் தந்தியின் பள்ளம் ஆழமாகிவிட்டது. நல்ல தீர்வு நட்டை மாற்றுவதே. தற்காலிகமாக, சமையல் சோடாவைப் பள்ளத்தில் சிறிதளவு நிரப்பி அதன்மேல் ஒரு துளி சூப்பர் க்ளூ விட்டால் உடனே கெட்டியாகும். அதன் பிறகு பள்ளத்தைப் புதிதாக அராவிக்கொள்ளலாம். விரல்பலகையிலும் மேற்பூச்சிலும் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் இதைச் செய்யாதீர்கள்.

இரைச்சல் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருந்தால், குற்றவாளி நீங்கள் அழுத்தும் ஃப்ரெட் அல்ல, அதற்கு அடுத்தது. எடுத்துக்காட்டாக, ஆறாம் ஃப்ரெட்டை அழுத்தும்போது இரைந்து, ஏழாவதை அழுத்தும்போது தெளிந்தால், ஏழாம் ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது. நேரான விளிம்புள்ள சிறு உலோகத் துண்டை ஒரே நேரத்தில் மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் படியும்படி வைத்து ஆட்டிப் பாருங்கள். அது ஊஞ்சலாடினால் நடுவிலுள்ளது உயரம். மலிவான கருவிகளில் ஃப்ரெட் தன் பள்ளத்தில் முழுமையாக அமராமல் ஒரு முனையில் மேலெழும்பியிருப்பது அடிக்கடி நேர்வது. கடினமான மரத்துண்டை இடையில் வைத்து மென்மையாகத் தட்டினாலே அமர்ந்துவிடும். பல ஃப்ரெட்டுகள் உயர்வும் தாழ்வுமாக இருந்தால், எல்லாவற்றையும் ஒருசேரச் சமப்படுத்த வேண்டும். அது பயிற்சியுள்ளவரின் வேலை. ஒரு மாலையில் காணொளி பார்த்துச் செய்துவிடலாம் என்று இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) இணைத்து வாசிக்கும்போது கேட்காத, அறையின் அமைதியில் மட்டும் காதில் படும் மெல்லிய இரைச்சல் எலெக்ட்ரிக் கிதாருக்கு இயல்பானது. அதை அறவே ஒழிக்க முயன்றால் தந்திகள் தேவைக்கு மேல் உயர்ந்துவிடும்.

விரல் வலிக்கிறது, முதல் சில ஃப்ரெட்டுகளில் கார்டு சுருதி பிசகுகிறது

இவ்விரண்டும் ஒன்றாக வந்தால் காரணம் நட்டின் பள்ளங்கள் மேலோட்டமாக இருப்பதே. தொழிற்சாலைகள் பள்ளத்தை ஆழமாக வெட்டிவிடும் அபாயத்தைத் தவிர்க்க, வேண்டுமென்றே உயரமாக விட்டுவிடுகின்றன. ஆழமான பள்ளம் இரைந்து கடையிலிருந்து திரும்பி வரும், உயரமான பள்ளம் பெரும்பாலும் வராது. தொடக்கநிலை மாணவர்கள் முதலில் கற்கும் கார்டுகள் (பல தந்திகளை ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) எல்லாம் நட்டுக்கு அருகிலேயே இருப்பதால், வலியும் பிசகும் அவர்களுக்கே அதிகம். கை இன்னும் பழகவில்லை என்று தங்களையே குறைகூறிக்கொண்டு பயிற்சியைக் கைவிடுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சோதனை இதுதான். திறந்த தந்தியைத் துல்லியமாகச் சுருதி சேர்த்து, முதல் ஃப்ரெட்டை இயல்பான அழுத்தத்தில் பிடித்து ட்யூனரைப் பாருங்கள். அரைச்சுர இடைவெளி 100 சென்ட். முதல் ஃப்ரெட்டில் மட்டும் 10 சென்ட்டுக்கு மேல் கூடி, பன்னிரண்டாவதில் சரியாக இருந்தால் நட்டின் உயரமே காரணம். அடுத்து, தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையிலுள்ள வெளிச்சத்தைப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுக்குச் சற்றே இடைவெளி இருந்தால் போதும்.

பள்ளத்தை ஆழமாக்க அந்தந்தத் தந்தியின் தடிமனுக்கு ஏற்ற அரம் தேவை. பழைய தந்தித் துண்டின் மேல் மிக நுண்ணிய உப்புத்தாளைச் சுற்றியும் செய்யலாம். மெதுவாக நடக்கும் என்பதே அதன் நன்மை. அரத்தைத் தலைப்பகுதியை நோக்கிச் சிறிது சரித்துப் பிடியுங்கள். விரல்பலகையை நோக்கிய விளிம்பே பள்ளத்தின் மிக உயர்ந்த புள்ளியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திறந்த தந்தி சித்தார் போல ஒலிக்கும். நாலைந்து இழுப்புக்கு ஒரு முறை தந்தியைப் பொருத்தி அளந்து பாருங்கள். எடுத்த பொருளைத் திரும்ப வைக்க முடியாது என்பதால், இன்னும் சிறிது எடுக்கலாமே என்று தோன்றும் இடத்திலேயே நிறுத்துவது உத்தமம்.

கீழே சரியாகவும் மேலே தவறாகவும் ஒலிக்கிறது

திறந்த கார்டுகள் நன்றாக இருந்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டை நெருங்கும்போது பிசகினால், அதிரும் தந்தியின் நீளம் சரியில்லை. பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் நேர்மேலே விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து எழுப்பும் ஹார்மோனிக்கையும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடினால் சேடிலைக் கழுத்திலிருந்து விலக்கித் தந்தியை நீட்ட வேண்டும்; குறைந்தால் கழுத்தை நோக்கி நகர்த்த வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் திறந்த தந்தியை மறுபடியும் சுருதி சேர்க்காமல் ஒப்பிட்டால் முடிவு தவறாகவே வரும்.

பணி முடிந்ததும் சேடில்களை மேலிருந்து பாருங்கள். ஆறாம் தந்தியின் சேடில் மிகப் பின்னால் நிற்க, ஐந்தும் நான்கும் படிப்படியாக முன்னே வர, முறுக்கில்லாத மூன்றாம் தந்தியில் மீண்டும் சற்றுப் பின்வாங்கி, இரண்டும் ஒன்றும் முன்னே போகும். இந்த வடிவம் தாறுமாறாக இருந்தால் சேடிலைச் சந்தேகிப்பதற்கு முன் தந்தியைச் சந்தேகியுங்கள். பழைய தந்தியும் சேடிலின் மேல் கோணல்மாணலாக மடிந்த தந்தியும் எந்த நீளத்திலும் சரியாக ஒலிப்பதில்லை.

சுருதி நிற்கவில்லை

பழி உடனே ட்யூனிங் முடுக்கிகளின் மீது விழுகிறது. பலர் அவற்றை மாற்றவும் செய்கிறார்கள். சிக்கல் அப்படியே தொடர்கிறது. பற்சக்கரத்தால் இயங்கும் முடுக்கி தானாகப் பின்னோக்கிச் சுழல்வது அரிது. புதிய தந்திகளை ஏற்றியபின் ஒவ்வொன்றையும் விரல்பலகையிலிருந்து மெல்ல மேலே இழுத்து, மறுபடி சுருதி சேர்த்து, இனி இறங்குவதில்லை என்ற நிலை வரும்வரை தொடருங்கள். முடுக்கியின் தண்டில் இரண்டு அல்லது மூன்று சுற்றுகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கி இறங்கும்படி அமைய வேண்டும். சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே சேருங்கள். தாண்டிவிட்டால் தாழ்த்தி, மறுபடி ஏற்றுங்கள்.

முடுக்கியைத் திருப்பும்போது ட்யூனரின் முள் அசையாமல் நின்று, ‘டிக்’ என்ற ஓசையோடு தாவினால், தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. மென்மையான பென்சிலின் கரியைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். அப்போதும் தாவினால் பள்ளம் குறுகலாக இருக்கிறது. ஆழமாக்காமல் பக்கவாட்டில் மட்டும் மயிரிழை அகலப்படுத்த வேண்டும்.

ட்ரெமலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை மாற்றும் வகை) உள்ள மலிவான கருவியைப் பற்றி என் கருத்து உறுதியானது. அந்தக் கைப்பிடியைப் பயன்படுத்தும் எண்ணம் இல்லையென்றால் பிரிட்ஜை உடலோடு ஒட்ட வைத்துவிடுங்கள். பின்புற மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகளை இழுத்துப் பிடிக்கும் தகட்டின் இரண்டு திருகுகளைச் சமமாக இறுக்கினால் பிரிட்ஜ் அசைவற்று அமரும். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு தந்தியின் இழுவிசை மாறினால் மற்ற ஐந்தும் மாறுகின்றன. தொடக்கநிலையில் இருப்பவருக்கு அந்தத் தொல்லை தேவையில்லை.

ஃப்ரெட்டின் முனைகள் கையைக் கீறுகின்றன. முதல் தந்தி விளிம்பில் வழுக்கி விழுகிறது

வறண்ட காற்றில் விரல்பலகையின் மரம் சுருங்குகிறது, உலோகம் சுருங்குவதில்லை. ஆகவே முனைகள் துருத்துகின்றன. கருவியை 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதமுள்ள இடத்தில் சில வாரங்கள் வைத்தாலே சில கழுத்துகள் தேறிவிடும். தேறாவிட்டால், விரல்பலகையை டேப்பால் மூடி, சிறிய அரத்தால் முனைகளைச் சரிவாக அராவி, நுண்ணிய உப்புத்தாளால் வழுவழுப்பாக்குங்கள்.

தந்தி விளிம்பில் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் கழுத்து உடலில் கோணலாகப் பொருத்தப்பட்டிருப்பது. திருகுகளால் பிணைக்கப்பட்ட கழுத்தாக இருந்தால் தந்திகளைத் தளர்த்தி, நான்கு திருகுகளையும் சிறிது நெகிழ்த்தி, கழுத்தைத் தேவையான பக்கம் தள்ளிப் பிடித்து மீண்டும் இறுக்குங்கள்.

ஒலி வரவில்லை, விட்டுவிட்டு வருகிறது, கரகரக்கிறது

கேபிளை மாற்றிப் பார்க்காமல் கருவியைத் திறக்காதீர்கள். கேபிள் நலமாக இருந்தால், அதைக் கிதாரில் செருகி, வால்யூமை முழுமையாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உறைக்கும் இடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளவிடுங்கள். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் பெரும்பாலும் 5 முதல் 8 கிலோ ஓம் வரையிலும், இரட்டைச் சுருளுள்ள ஹம்பக்கர் அதைவிடக் கூடுதலாகவும் காட்டும். பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் எங்கோ இரு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. 250 அல்லது 500 கிலோ ஓம் அளவில் காட்டினால் மீட்டர் வால்யூம் பாட்டை (குமிழுக்கு அடியிலுள்ள மாறுமின்தடையை) மட்டுமே பார்க்கிறது, பிக்கப்பின் இணைப்பு அறுந்திருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் ஜாக்கையோ (கேபிளைச் செருகும் துளையையோ) அதிலிருந்து செல்லும் கம்பியையோ சந்தேகிக்க வேண்டும். கருவியின் ஒரு கம்பியையும் கழற்றாமல் இவ்வளவையும் அறிந்துகொள்ளலாம் என்பதால், இந்த ஒரு சோதனைக்காகவே மல்டிமீட்டர் வாங்கலாம் என்பேன்.

விட்டுவிட்டு வரும் ஒலிக்கு ஜாக்கே முதற்காரணம். அதன் மரை தளர்ந்து ஜாக் சுழலும்போது உள்ளே கம்பி முறுக்கி அறுகிறது. வெளியிலிருந்து மரையை மட்டும் இறுக்கினாலும் இதே முறுக்கு நேரும். தகட்டைக் கழற்றி, ஜாக்கை உள்ளிருந்து பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். செருகியின் நுனியைத் தொடும் வளைந்த தகடு தளர்ந்திருந்தால் சிறிது உள்நோக்கி வளையுங்கள். குமிழைத் திருப்பும்போது மட்டும் வரும் கரகரப்புக்கு, காண்டாக்ட் கிளீனரைப் பாட்டின் திறப்புக்குள் அடித்து, குமிழை முழுச் சுற்றாகப் பலமுறை திருப்பினால் போதும்.

ரீங்காரம்

சிங்கிள் காயில் பிக்கப் சுற்றியுள்ள மின்காந்தப் புலத்தைக் கேட்டே தீரும். அதைத் தணிக்கத்தான் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர், எதிரெதிராக அமைந்த இரு சுருள்களைக் கொண்ட ஹம்பக்கரை வடிவமைத்து 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆகவே தந்தியைத் தொட்டவுடன் குறையும் ரீங்காரம் பழுதல்ல. தொட்டாலும் மாறாமல், கேபிள் செருகியின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைந்தால், பிரிட்ஜுக்குச் செல்லும் கிரவுண்டு கம்பி விடுபட்டிருக்கிறது. மலிவான கருவிகளில் இது பெயிண்டின் மேல் ஒட்டிக்கொண்டு உலோகத்தைத் தொடாமலும் இருப்பதுண்டு. தந்தியைத் தொட்டால் ரீங்காரம் ஏறினால் ஜாக்கில் இரு கம்பிகளும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டுள்ளன. உட்குழிகளில் செப்புத் தகட்டை ஒட்டி அதைக் கிரவுண்டோடு இணைப்பது ஓரளவு உதவும்.

தந்தியைத் தொடும்போது விரலில் மின் அதிர்வு உணரப்பட்டால் உடனே ஆம்ப்பை அணைத்து, சுவரிலிருந்து செருகியை எடுத்துவிடுங்கள். அது கிதாரின் பழுதல்ல. ஆம்ப்பின் அல்லது கட்டடத்தின் எர்த் இணைப்பின் பழுது. மின்பணியாளர் பார்க்கும்வரை வாசிக்கக் கூடாது.

ஒலி மெலிந்திருக்கிறது, அல்லது சுரம் தள்ளாடுகிறது

கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, பிக்கப்பின் உச்சிக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். தடித்த பக்கம் 2 முதல் 2.5, மெல்லிய பக்கம் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் என்பது நல்ல தொடக்கம். ஓசை கூடட்டும் என்று சிங்கிள் காயில் பிக்கப்பைத் தந்திக்கு மிக அருகில் ஏற்றினால், காந்தம் தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் ஒரே சுரம் இரண்டாகப் பிளந்ததுபோல் ஒலிக்கும். தந்தியின் நீளத்தை என்ன திருத்தினாலும் சுருதி அமையாத கருவியில் இதையும் பாருங்கள்.

எவை சீரமைப்புக்கு அடங்காதவை

கருவியை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை மேற்கண்டவற்றிலிருந்தே தெரிகின்றன. நட், முடுக்கி, ஜாக், பிக்கப் எல்லாம் மாற்றத்தக்கவை. கழுத்தை மாற்றுவதோ கருவியின் விலையையே எட்டிவிடக்கூடும். ஆகவே தலைப்பகுதியிலிருந்து பிரிட்ஜை நோக்கி விரல்பலகையின் இரு விளிம்புகளிலும் ஒரு கண்ணால் பாருங்கள். இரு விளிம்புகளும் ஒரேவிதமாக வளைந்திருந்தால் ட்ரஸ் ராடு அதைப் பார்த்துக்கொள்ளும். ஒன்று ஒருவிதமாகவும் மற்றது வேறுவிதமாகவும் போனால் கழுத்து முறுக்கியிருக்கிறது, அதை வாங்காதீர்கள். பழைய கருவியாக இருந்தால், விற்பவரின் அனுமதியோடு ட்ரஸ் ராடைச் சிறிது திருப்பி அது இயங்குகிறதா என்று பாருங்கள். தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தின் பின்புறத்தில் மயிரிழை விரிசல் உண்டா என்பதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கடைசி ஃப்ரெட் வரை ஒவ்வொரு தந்தியிலும் சுரம் ஒலிக்கிறதா என்று சோதியுங்கள். தேய்ந்த தந்தியும் உயர்ந்த நட்டும் கரகரக்கும் குமிழும் இருந்து, கழுத்து மட்டும் நேராக இருக்கும் கிதார் விலை குறைத்துக் கேட்டு வாங்கத்தக்கது.